கார்டு நான்கு, கை ஒன்று

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கிடார் சொல்லித் தரும் நம்மில் பலர், டிஸ்கோ பாப் பாட்டைக் கேட்டு வரும் மாணவருக்கு முதலில் எழுதிக் கொடுப்பது அதன் கார்டுகளைத்தான். டாஃப்ட் பங்கின் 'கெட் லக்கி' (2013) என்றால் பி மைனர், டி, எஃப் ஷார்ப் மைனர், ஈ. பாட்டு முழுக்க இதே சுற்று. ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' (1979) இன்னும் சிக்கனம். ஈ மைனர் செவன்த்தும் ஏ-யும் மாறி மாறி வரும், அவ்வளவுதான். சில மாதம் பழகிய பிள்ளைக்குக்கூட இவை விரலில் வந்துவிடும். ஆனாலும் அந்தப் பிள்ளை வாசிக்கும்போது ஆடத் தோன்றுவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியுள்ள இந்த இரண்டு பாட்டுக்கும் கிடார் வாசித்தவர் ஒருவரே, நைல் ராட்ஜர்ஸ். கார்டுகள் வேறு, இரண்டிலும் நம்மை ஆட வைப்பது அவருடைய வலது கை. நம் பாடத்தைத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

டிஸ்கோவில் பாஸ் டிரம் ஒரு பாருக்கு நான்கு அடியையும் விடாமல் போடுகிறது. ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்தால் 16 இடம்; டிரம் விட்டுவைத்த 12 இடத்தில்தான் கிடாருக்கு வேலை. 'கெட் லக்கி'யின் வேகம் நிமிடத்துக்கு 116 அடி. அப்படியென்றால் வலது கை மேலும் கீழுமாக நிமிடத்துக்கு 464 முறை ஓயாமல் போய்வர வேண்டும். எது ஒலிக்கும், எது வெறும் 'சக்' என்று அடங்கும் என்பதை இடது கையின் அழுத்தம் தீர்மானிக்கிறது. ஆறு கம்பியையும் திறந்து அடிக்கிற கார்டு இங்கே பாஸ் கிடாரோடு மோதிக் குழம்பும்; மேலே உள்ள மூன்று, நான்கு கம்பிகளே போதும்.

தமிழ்ப் பாட்டுக்கு இது பொருந்தாது என்பார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற, தானே கிடார் கலைஞராக இருந்த இளையராஜா இரண்டு கார்டில் நின்றுவிடுபவர் அல்ல. 'சகலகலா வல்லவன்' (1982) படத்தின் புத்தாண்டுப் பாட்டை வாசிக்க வெறும் தாளம் போதாது. உண்மைதான். ஆனால் கார்டு எத்தனை முறை மாறினாலும் கை நிற்காதவருக்குத்தான் அந்தப் பாட்டும் வசப்படும். மாரியம்மன் நோன்பிக் கச்சேரியில் ரிதம் பேடே எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறதே என்பது இன்னொரு வாதம். பேட் பதிவானதையே திருப்பிச் சொல்லும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தணிந்து, பல்லவி திரும்புகையில் இறுகுவது மனிதக் கைக்கே முடியும். துடும்புச் சத்தத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளின் காதுக்குத் தாளம் புதிதல்ல, கைக்குத்தான் பழக்கம் வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்டுத் தாளைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். ஒரே ஒரு கார்டைக் கொடுத்து, மெட்ரோனோமை 70-இல் வைத்து 16 இடத்தையும் கேட்க வையுங்கள். வேகம் 116-ஐத் தொடும்வரை இரண்டாவது கார்டைத் தர வேண்டாம்.