இரண்டு பக்கமும் மனம் போனால் இரட்டை வேடமா?

"பொண்ணுங்களையும் பிடிக்குமாம், ஆம்பளைங்களையும் பிடிக்குமாம். இது என்னய்யா கூத்து?"

டீக்கடையிலோ ஆபீஸ் கேன்டீனிலோ இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்தது சிரிப்புதான். சிரித்துவிட்டு அவரவர் பஸ்சைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். கூட்டத்தில் சிரிக்காமல் நின்ற ஒருவரை யாரும் கவனிப்பது இல்லை.

இதற்கு இருபால் ஈர்ப்பு என்று பெயர். ஆண்கள் மீதும் பெண்கள் மீதும் ஆசையும் அன்பும் கொள்ளக்கூடிய மனம். நோய் அல்ல. சீமையில் இருந்து கப்பலில் வந்து இறங்கிய சரக்கும் அல்ல. கப்பலில் வந்தது சட்டம்தான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அது. ஆணும் ஆணும் சேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று 158 வருடம் தலைக்கு மேல் தொங்கியது.

2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அதற்கு முடிவு கட்டினார்கள். வயது வந்தவர்கள் இருவரும் சம்மதித்து, தனிமையில் கூடுவது குற்றம் ஆகாது என்று ஒரே குரலில் தீர்ப்பு சொன்னார்கள். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது.

சட்டம் போய்விட்டது. ஜனங்களின் சந்தேகம் போகவில்லை.

திருநங்கை வேறு, இது வேறு

"அப்போ திருநங்கையா?" என்று கேட்கிறவர்கள் நிறைய. இல்லை. திருநங்கை என்பது 'நான் யார்' என்பது பற்றியது. இருபால் ஈர்ப்பு என்பது 'என் மனம் யாரை நாடுகிறது' என்பது பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

"ரெண்டில் ஒண்ணைச் சொல்லுப்பா" என்று அடுத்த கேள்வி வரும். மனித மனம் என்ன ரெயில்வே டிக்கெட்டா, ஒரு வழியா இருவழியா என்று கவுண்ட்டரில் கேட்பதற்கு? அமெரிக்காவில் ஆல்பிரட் கின்சி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். முதலில் குளவிகளை ஆராய்ச்சி செய்தவர்! பிறகு மனிதர்கள் பக்கம் திரும்பினார். ஆயிரக்கணக்கான ஆண்களிடம் விசாரித்து 1948-ல் புத்தகம் போட்டார். அதில் பூஜ்யத்தில் இருந்து 6 வரை ஓர் அளவுகோல் வைத்தார். எதிர்ப்பாலை மட்டும் நாடுகிறவர் பூஜ்யம். தன் பாலை மட்டும் நாடுகிறவர் 6. நடுவில் இருக்கும் படிகளிலும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொன்னார். அவர் ஆள் எடுத்த முறையில் குறை உண்டு என்று பிற்பாடு பலர் எழுதினார்கள். ஆனால் நடுவில் படிகள் உண்டு என்பதை யாரும் அடித்துவிட முடியவில்லை. அந்தப் படியில் நிற்பவரும் சரிபாதி, சரிபாதி என்று தராசில் நிறுத்தி ஆசைப்படுவது இல்லை. ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

"இப்படிப்பட்டவன் ஒருத்தரோட ஒழுங்கா இருப்பானா?" என்பதுதான் பெரிய பழி. பெண்களை மட்டுமே விரும்பும் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் பஸ்சில் கண்ணை மூடிக்கொண்டா போகிறார்கள்? அழகாக ஒருத்தர் தெரிந்தால் மனம் கவனிக்கத்தான் செய்யும். வீட்டுக்கு உண்மையாக இருப்பது கொடுத்த வாக்கைப் பொறுத்தது. வாக்குத் தவறுகிறவன் எல்லா வகையிலும் இருக்கிறான். காப்பாற்றுகிறவனும் இருக்கிறான்.

நீதிபதியின் வீட்டிலேயே

லீலா சேத் என்ற பெயரை வக்கீல்கள் மறக்க மாட்டார்கள். டெல்லி ஐகோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. 1991-ல் இமாசலப் பிரதேச ஐகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதி ஆனார். நாட்டிலேயே ஓர் ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி அவர்.

அவருடைய மூத்த மகன்தான் எழுத்தாளர் விக்ரம் சேத். 1993-ல் அவர் எழுதிய 'எ சூட்டபிள் பாய்' 1,300 பக்கத்துக்கு மேல் போகும். கதை என்ன தெரியுமா? மகளுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் ஒரு தாயின் கதை!

விக்ரம் சேத், தான் இருபால் ஈர்ப்பு உள்ளவர் என்பதை மறைக்காதவர். அந்தத் தாய்க்கு இதை ஏற்றுக்கொள்வது லேசாக இருக்கவில்லை. சட்டம் படித்தவர், உலகம் சுற்றியவர், அப்படியும் தடுமாறினார். 2003-ல் எழுதிய சுயசரிதையில் அதை ஒளிக்காமல் சொன்னார். நம் ஊர் அம்மாக்கள் தடுமாறினால் அதில் ஆச்சரியம் என்ன?

2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, 377-வது பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. (டெல்லி ஐகோர்ட்டு 2009-ல் கொடுத்த விடுதலை அதோடு போயிற்று.) அந்த மாதமே ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் அட்டையில் விக்ரம் சேத் தாடியும் கலைந்த தலையுமாக, 'குற்றவாளி அல்ல' என்று எழுதிய சிலேட்டுடன் நின்றார். அடுத்த மாதம் தாயார் பேனாவை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 83. 'என் மகன் இன்று குற்றவாளி, இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்' என்ற பொருளில் பத்திரிகையில் எழுதி, சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பை வரிவரியாகக் கேள்வி கேட்டார்.

ஆனால் ஒன்று. அந்தக் கட்டுரையில் அவர் மகனைச் சொன்ன வார்த்தை, தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்பதுதான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்று என்பதால் அப்படி எழுதியிருக்கலாம். ஆதரவாகப் பேசுகிற தாயின் வாயிலேயே 'இருபால்' என்ற சொல் நழுவிவிடுகிறது பாருங்கள். இந்த மனிதர்களின் நிலை அதுதான். ஆண் துணையோடு இருந்தால் 'அந்தப் பக்கம்' என்கிறார்கள். பெண்ணோடு இருந்தால் 'திருந்திட்டான்' என்கிறார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளி, எந்த வீட்டிலும் பாய் கிடையாது.

2018 தீர்ப்பைப் பார்க்க லீலா சேத் இல்லை. அதற்கு 16 மாதம் முன்பே, 2017 மே மாதம் காலமாகிவிட்டார்.

கால்கட்டு வைத்தியம்

வீட்டில் விஷயம் தெரிந்ததும் பெரியவர்கள் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்று. "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

என்ன சரியாகும்? ஈர்ப்பு போகாது. மூடி வைக்கத்தான் படும். இருபால் ஈர்ப்பு உள்ள ஆண், ஒரு பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக வாழ முடியும். அது நடிப்பும் அல்ல, குணமானதற்கு அத்தாட்சியும் அல்ல. பெண்ணுக்கும் அப்படியே. ஆனால் விருப்பம் இல்லாதவரைப் பிடித்து மணையில் உட்கார வைப்பது வேறு. தெரிந்தே சம்பந்தி வீட்டாரிடம் மறைத்து, எதுவும் அறியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏற வைக்கும் பெற்றோர், இரண்டு பேர் வாழ்க்கையோடு விளையாடுகிறார்கள். இதில் பரிதாபப்பட வேண்டியது முதலில் அந்தப் பெண்ணுக்காக.

இன்னும் சிலர் டாக்டரிடம் இழுத்துப் போகிறார்கள். ஊசி, மாத்திரை, மந்திரித்த கயிறு என்று காசு கரைகிறது. மதுரையில் இருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதற்குத் தடை போட்டார். தீர்ப்பு எழுதும் முன், தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு வேண்டும் என்று மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து பேசிய நீதிபதி அவர். மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அறிவித்துவிட்டது. அப்படி போர்டு மாட்டுகிற டாக்டர் மீது மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

மிரட்டல் பேர்வழிகள்

பயம் உள்ள இடத்தில் பணம் பறிப்பவன் வந்துவிடுவான். செல்போனில் நைசாகப் பழகுவது, தனியாக வரச் சொல்வது, போட்டோ எடுப்பது, "உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா, போலீசுக்குப் போகட்டுமா?" என்று கறப்பது. மானத்துக்குப் பயந்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் குமாஸ்தாவும் உண்டு, கடை முதலாளியும் உண்டு.

போலீசுக்குப் பயப்பட வேண்டியது மிரட்டுகிறவன்தான். வயது வந்த இருவர் சம்மதித்துச் சந்தித்ததில் குற்றம் இல்லை. மிரட்டிக் காசு பிடுங்குவது குற்றம், ஜெயில் உண்டு. இந்தப் பிரிவினரைத் தொல்லை செய்யக் கூடாது என்று 2022-ல் தமிழக போலீசாரின் நடத்தை விதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே போட்டோவையும் மெசேஜையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு ஒரு பைசா அனுப்பக் கூடாது. செல்போன் வழியாகப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யலாம்.