நிற்பதற்கு முன் உட்காரக் கற்க வேண்டும்

பக்கவாதத்தால் படுத்துவிட்டவரை நலம் விசாரிக்கச் செல்லும் நாம் வீட்டாரிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "நடக்க ஆரம்பித்துவிட்டாரா?" பள்ளிவாசலில் அவருக்காகக் கையேந்தும்போதும் மனத்தில் இருப்பது அதுதான். அவரால் பிடிமானமின்றி ஐந்து நிமிடம் நேராக உட்கார முடிகிறதா என்று எவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதையே என்பது என் கருத்து.

வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றின் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே ஒரு பாதி தாக்கப்பட்டாலும் அவை கையைப்போல் முற்றிலும் தொங்கிவிடுவதில்லை. தளர்ந்து, ஒழுங்கு குலைகின்றன. தொங்கும் கை கண்ணில் படுகிறது. குலைந்த நடுவுடல் படுவதில்லை. கட்டிலோரத்தில் அமர்த்தியதும் அவர் ஒருபுறம் சாய்வார். சிலர் நல்ல கையாலேயே தம்மை நோயுற்ற பக்கம் தள்ளிக்கொள்வர். நிமிர்த்த முயன்றால் இன்னும் வலுவாகத் தள்ளுவர். "அத்தா பிடிவாதம் பிடிக்கிறார்" என்பர் பிள்ளைகள். அது பிடிவாதமன்று. எது நேர், எது சாய்வு என்பதை மூளை தவறாக உணர்வதன் விளைவு.

இதை அளப்பதற்கென்றே இயன்முறை மருத்துவர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. 2004-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. மொத்தம் 23 மதிப்பெண். முதல் சோதனை, கை ஊன்றாமல் 10 விநாடி உட்கார்ந்திருப்பது. அதில் தவறினால் மற்றவை எதையும் பாராமல் மொத்த மதிப்பெண்ணும் பூஜ்யம். உட்காருதல் எவ்வளவு பெரிய வேலை என்பதை நலமாயிருக்கும் நாம் அறிவதில்லை.

பயிற்சியோ பார்ப்பதற்கு மிக எளியது. பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும்படி உறுதியான இருக்கையில் அமர்த்துகிறார்கள். உடல் எடையை ஒரு பிட்டத்திலிருந்து மற்றதற்கு மாற்றச் சொல்கிறார்கள். கைக்கு எட்டாத தொலைவில் ஒரு குவளையை வைத்து, சாய்ந்து எடுத்து மீளச் சொல்கிறார்கள். படுத்தபடி முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்தச் செய்கிறார்கள். 2023-இல் காக்ரேன் அமைப்பு இத்தகைய 60-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நடுவுடல் பயிற்சி பெற்றோரிடம் நிற்கும் சமநிலையும் நடையும்கூட மேம்பட்டதாகத் தெரிந்தது. சான்றுகளின் உறுதி குறைவு என்றும் அவர்களே எழுதியுள்ளனர். ஆயினும் திசை தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? "குவளையை எடுக்கச் சொல்வதற்கா இவ்வளவு பணம்?" என்று இரண்டாம் வாரத்திலேயே சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பணம் எண்ணெய்க்கும் லேகியத்திற்கும் போகிறது. புறாவின் இரத்தத்தைத் தேய்த்தால் குணமாகும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் இன்னும் ஒழியவில்லை. ஓடும் இரத்தம் நஜீஸ் என்று மதரஸாவின் முதலாண்டுப் பிள்ளையும் சொல்வான். அதை முடங்கிய உடம்பில் பூசிக்கொண்டு ஷிஃபாவை எதிர்பார்ப்பதை என்னவென்பது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது கசக்கலாம். "தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, வேறு பயிற்சி எதற்கு?" என்று மேடைகளில் பேசுகிறோம். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சியாகக் குறுக்குவது தொழுகைக்கும் மரியாதையன்று, நோயாளிக்கும் நன்மையன்று. நடுவுடலில் கட்டுப்பாடு இல்லாதவர் ஆர்வ மிகுதியால் ஸஜ்தாவுக்குக் குனிந்தால் தலைகுப்புற விழுவார். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பதும், ருகூவையும் ஸஜ்தாவையும் சைகையால் நிறைவேற்றலாம் என்பதும் நாம் அறிந்த சட்டமே. அச்சலுகை இயலாமையோடு வந்தது. இயலும்போது நிற்றல் மீண்டும் கடமையாகிவிடும். சலுகையைக் காட்டி முயற்சியையே கைவிடுவதற்கு அதில் இடமில்லை. மருத்துவம் செய்துகொள்வது கட்டாயமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நபிவழிக்கு முரணன்று என்பதில் இல்லை.

"நாங்களே வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என்போருக்கு ஒரு செய்தி. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து, வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சை தரச் செய்தனர். ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான கவனிப்பைப் பெற்றோரைவிட அவர்கள் மேலான நிலையில் இல்லை. பிள்ளைகளின் பாசம் பெரிது. ஆனால் பயின்றவரின் கையை அது ஈடுசெய்யாது. பாசத்தோடு சோர்ந்த கையைப் பிடித்துத் தூக்கித் தோள்மூட்டை நழுவச் செய்வோரும் உண்டு.

வானகரத்தில் பெரிய தனியார் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. செலவுக்கு எல்லோராலும் இயலாது. கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆனால் சாய்ந்து விழும் ஒருவரைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நெரிசலில் வாரம் பலமுறை அழைத்துச் செல்வது எளிதன்று. 5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவம் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்யலாம். பெண் நோயாளியாயின் பெண் சிகிச்சையாளரைக் கேளுங்கள். கிடைக்காவிடில், வீட்டார் உடனிருக்க ஆண் சிகிச்சையாளர் தேவையான அளவு தொட்டுச் சிகிச்சை தருவதற்கு மார்க்கம் இடமளிக்கிறது. 'அந்நிய ஆண்' என்று சொல்லி ஓர் உம்மாவைக் கட்டிலோடு விட்டுவிடுவது பேணுதலன்று.

அறுவைச் சிகிச்சை என்றால் ஜும்ஆவில் துண்டேந்தி வசூலித்துத் தரும் நம் ஜமாஅத்துகள், மூன்று மாத இயன்முறை மருத்துவத்திற்குத் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பைத்துல்மால் பொறுப்பாளர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும். கூடவே, பள்ளிவாசலின் பின்வரிசையிலுள்ள கைப்பிடியற்ற பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டையேனும் மாற்றி, கைப்பிடியுள்ள, வழுக்காத, பாதம் தரையில் பதியும் உயரமுள்ள நாற்காலிகளைச் சுவரோரமாக வைக்கட்டும்.