அந்தக் கறி

போன வைகாசியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு வீடு மனதுக்குப் பிடித்துப்போனது. இரண்டு அறை, வெளிச்சமான அடுப்படி, வற்றாத கிணறு. வீட்டுக்கார அம்மா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். வாடகை பேசி, அட்வான்ஸும் பேசி முடித்தாயிற்று. அப்போதுதான் கேட்டார்.

“நாங்களும் கறி மீனெல்லாம் சாப்பிடறவங்கதாம்மா. அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா அந்தக் கறி மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

“எந்தக் கறிங்கம்மா?”

“அதாம்மா… மாடு.”

“எங்க வீட்டுல அதுவும் சமைப்போங்கம்மா” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

உடனே அடுத்த கேள்வி வந்தது. “திண்டிவனம் பக்கம்னு சொன்னீங்களே, ஊரா, காலனியா?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் தரகர் போன் செய்தார். வீட்டுக்காரர் மகனே குடிவரப் போகிறாராம், வேறு வீடு பார்க்கலாம் என்றார். அந்த வீட்டு வாசலில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை அதற்கப்புறமும் ஒரு மாதம் தொங்கியது.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லை. அதை நினைக்க நினைக்கத்தான் ஆறவில்லை. முதல் கேள்வி மாட்டைப் பற்றியது என்று நினைத்துப் பதில் சொன்னேன். அவர் கேட்டது என்னைப் பற்றி. நான் எந்தத் தெருவில் பிறந்தவள் என்று அறிய, என் சட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு. 2014-இல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், இங்கே நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்தது. ஆகவே என் சண்டை சைவத்தோடு இல்லை. ஆட்டை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு மாட்டைச் சாப்பிடுகிறவரைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

நம் பேச்சையே பாருங்கள். ‘கறி எடுத்தோம்’ என்று சொன்னால் அது ஆட்டுக்கறி. அதற்கு அடைமொழி வேண்டாம். மாடு, பன்றி என்றால் பெயர் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்லக் கூசுகிறவர்கள் ‘பெரிய கறி’ என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். சைவக் கடைகளின் பலகையில் ‘உயர்தர சைவ உணவகம்’ என்று எழுதியிருக்கிறது. உயர்ந்த தரம் என்று ஒன்றைச் சொன்னாலே தாழ்ந்தது ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள்? படிக்கட்டு சொல்லிலேயே கட்டப்பட்டுவிட்டது. சைவம் மேல்படி. அதற்குக் கீழே மீனும் கோழியும், அதற்கும் கீழே ஆடு, பிறகு பன்றி, மாடு. கடைசிப்படியில் எலியும் நத்தையும். ஒவ்வொரு படியில் நிற்பவரும் கீழ்ப்படியைப் பார்த்து ‘சீ’ என்கிறார்.

உயிர்க்கொலை கூடாது என்று மனதார நினைத்துப் புலால் மறுப்பவர்களை நான் மதிக்கிறேன். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் முழுதாக ஒதுக்கினார். பத்துக் குறளில் ஒன்றிலாவது ஆடு ஆகும், மாடு ஆகாது என்று வகை பிரித்தாரா? மறுத்தால் எல்லா ஊனையும் மறுப்பது என்பதுதான் அவர் வழி. வள்ளலாரும் அப்படித்தான். புலாலை அவர்போல் வெறுத்தவர் குறைவு. 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது, பசி என்று வந்தவரிடம் சாதி கேட்டு இலை போடவில்லை. அந்த அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. என் தோழி ஒருத்தி பாலையும் தயிரையும்கூட விட்டுவிட்டாள். பத்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஒரு நாளும் என் டப்பாவைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்ததில்லை. உயிர்மேல் இரக்கம் உள்ளவர்களுக்கு மனிதர்மேலும் அது இருக்கும். இரக்கமே இல்லாத அருவருப்பை அறம் என்று சொல்லிக்கொண்டு வருவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வயலிலும் ஏரிக்கரையிலும் பொறுக்கி, கொதிநீரில் போட்டு, ஓட்டிலிருந்து உருவி, நன்றாகக் கழுவி மிளகு போட்டு வறுப்பார்கள். அலுவலகத்தில் ஒருவர் அதைப் பற்றிச் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவருக்குக் குமட்டல் வந்துவிட்டது. அவர் டப்பாவில் அன்றைக்கு நண்டுக் குழம்பு. அதே வயல் வரப்பில், அதே சேற்றில் வளைதோண்டி வாழ்கிற நண்டு அவருக்கு ருசிக்கிறது. அவரே பிறகு, மூலத்துக்கு நத்தை நல்லது என்று தன் மாமனாருக்கு எங்கே கிடைக்கும் என விசாரித்தார். மருந்தென்றால் தொண்டைக்குள் இறங்குகிறது. ஏழை அதையே சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் மட்டும் ஏன் குமட்டுகிறது?

எலி விஷயம் இன்னும் வேதனை. இருளர்கள் அறுப்பு முடிந்த வயலில் வளை தேடி, சட்டியில் புகைமூட்டி வாயால் ஊதி எலி பிடிப்பார்கள். அந்தப் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். வளைக்குள் எலி சேர்த்துவைத்திருக்கும் நெல்லும் அவர்களுக்குக் கிடைக்கும். வயல் எலி தின்பது நாம் தின்கிற அதே நெல்லைத்தான். அதைப் பிடித்துக் கொடுப்பதால் விவசாயிக்கு மகசூல் மிச்சம். 2017-இல் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் வாயில் எலியைக் கவ்விக்கொண்டு போராடினார்கள். ‘எலி தின்னும் நிலைக்கு வந்துவிட்டோம்’ என்ற அவர்கள் துயரம் உண்மை. நானும் டிவி முன்னால் அழுதேன். ஆனால் அதைப் பார்த்த இருளர் வீட்டுப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்? மனிதன் விழக்கூடிய கடைசிப் பள்ளம் என்று நாடு முழுக்கக் காட்டியது, அந்த வீட்டில் அம்மா பாசத்தோடு சுட்டுக் கொடுக்கும் உணவு. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதுக்குக் கைதட்டிய நாம், அதே இனத்துப் பிள்ளையைப் பள்ளியில் ‘எலிக்கறி’ என்று கூப்பிடுவதை நிறுத்தினோமா?

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறது, ஆகவே நாய்க்கறி என்று செய்தி பரவியது. ஊரே அலறியது. பிரியாணிக் கடைப்பக்கம் போகவே பயந்தார்கள். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்து அது ஆட்டிறைச்சிதான் என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்து ஆடுகளில் நீள வால் உள்ள இனம் உண்டு. ஆடு என்று தெரிந்ததும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டுக் கலைந்துபோனோம். நாட்டின் மறுகோடியிலிருந்து இத்தனை நாள் பயணம் செய்து வந்த இறைச்சி எந்தக் குளிர்ச்சியில் வந்தது, எங்கே வெட்டினார்கள், எந்த மருத்துவர் பார்த்து முத்திரை வைத்தார் என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது. உடம்புக்குக் கேடு விளைவிக்கக்கூடியது அந்தக் கேள்விக்குள் இருந்தது. நாமோ விலங்கின் பெயரைக் கேட்டுத் திருப்தியடைந்துவிட்டோம்.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடம் இல்லை. எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். ஆம்பூர் பிரியாணிக்கு மட்டும் பெயர்போன ஊர் இல்லை. தோல் பதனிடும் ஊர், ஷூ தைக்கும் ஊர். மாட்டுத்தோல் நம் காலுக்கு ஆகிறது, இடுப்பு பெல்ட்டுக்கு ஆகிறது. அந்த ஊர்க்காரர் சாப்பிடும் கறி மட்டும் அரசு விழாவுக்கு ஆகாமல் போனது எந்த நியாயம்?

எதையும் விலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலக்குவதற்குக் காரணம் வேண்டும் என்கிறேன். உடும்பைச் சங்க காலத்திலிருந்தே சாப்பிட்டிருக்கிறோம். இன்றைக்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைத் தொடாதே என்கிறது. கடலோரத்தில் ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்த ஆவுளியா என்ற கடற்பசுவுக்குப் பாக் விரிகுடாவில் 2022-இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்தது. அழிந்துகொண்டிருக்கிற உயிரை விட்டுவிடு என்பது நியாயமான பேச்சு. நானும் கட்டுப்படுகிறேன். அந்தப் பேச்சில் யாருடைய தெருவும் வரவில்லை.

உயிர்களுக்காகப் பேசுவதென்றால் பேச எவ்வளவோ கிடக்கிறது. நாம் வாங்கும் பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு ஊதிவிடுகிறது. தன் எடையைத் தானே தாங்க முடியாமல் கால் மடங்கி உட்காரும் கோழிகளைப் பண்ணையில் பார்த்திருக்கிறேன். வண்டியின் இருபுறமும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் கொண்டுபோவதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை வெட்டக் கூடாது என்று இறைச்சிக்கூட விதி 2001-லேயே வந்துவிட்டது. தெருமுனைக் கோழிக்கடையில் கூண்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் கத்தி இருக்கிறது. கோழி பாவம் என்று எந்த வீட்டுக்காரராவது வாடகைதாரரிடம் சொன்னாரா?

பாலையும் பேசுவோம். பசுவின் மேல் பாசம் என்கிறவர்கள் காலையில் குடிக்கும் காபிக்குப் பின்னால் ஒரு விவசாயியின் கணக்கு இருக்கிறது. ஏர் ஓட்ட டிராக்டர் வந்தபின் கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. கறவை வற்றிய மாட்டுக்குத் தீவனம் போட, மூன்று மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தால் முடியாது. பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் மாடுகளில் எத்தனை அப்படி வந்தவை என்று அங்கே நிற்கிற எவரும் சொல்வார். பால் குடித்தவர், தயிர் சாப்பிட்டவர், நெய்விளக்கு ஏற்றியவர் எல்லோருக்கும் அந்த லாரியில் பங்கு உண்டு. கடைசியில் கறியை வாங்கிச் சமைக்கிறவர் தலையில் மட்டும் முழுப் பாவத்தையும் இறக்கிவைப்பது அநியாயம். லாரியில் நிற்க இடமில்லாமல் கொம்பும் கொம்பும் மோதிக்கொண்டு போகிற மாட்டுக்கு இடமும் தண்ணீரும் நிழலும் கொடுக்கச் சொல்லிப் போராடுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.

எந்த விலங்கு என்று கேட்கிறோம். அது எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று கேட்பதில்லை. முதல் கேள்வியால் எந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு நாள் ஆயுள்கூடக் கூடவில்லை. மனிதர்கள்தான் குறுகிப்போகிறார்கள்.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் மதிய டப்பாவைக் கழுவப்போட வந்தவள் தயங்கி நின்றாள். “அம்மா, இனிமே யாராவது கேட்டா ஆட்டுக்கறின்னு சொல்லிடட்டா?” என்றாள். டப்பாவின் மூடியைப் பாதி மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். அவள் வயதில் நானும் அதே பொய்யைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன். முப்பது வருடம் ஆகிவிட்டது. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், நகரத்துக்கு வந்தேன். அந்தப் பொய் மட்டும் என் மகள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

“பொய் சொல்லாதம்மா, மூடியைத் திறந்துவெச்சு சாப்பிடு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவு. மீதி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைக் கட்டிக்கொடுங்கள், எது வேண்டாமோ விட்டுவிடுங்கள். அனுப்பும்போது ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பக்கத்துப் பிள்ளை டப்பாவைத் திறக்கும்போது மூக்கைப் பொத்தாதே.