சூனியத்தில் ஒன்றுமில்லை

2021 ஜனவரி 24 அன்று, அப்போதைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் இரு இளம்பெண்கள் தம் வீட்டிற்குள்ளேயே கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் பெற்றோர் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இருவரும் உயர்கல்வி பெற்றவர்கள். மாணவர்க்குப் பாடம் சொன்னவர்கள். கலியுகம் முடிந்து சத்தியயுகம் பிறக்கும், மகள்கள் உயிர்த்தெழுவர் என்று அவர்கள் நம்பியதாகக் காவல்துறை கூறியது.

இத்தகைய கொடுமை நிகழும்போதெல்லாம் ஒரு விளக்கம் உடனே எழுகிறது: மறைத்து வைக்கவேண்டிய வித்தையைத் தகுதியற்றவர் தொட்டுவிட்டனர், அரைகுறை மந்திரம் திருப்பித் தாக்கிவிட்டது. கண்டனம்போல் ஒலிக்கும் இக்கூற்று, உண்மையில் மந்திரத்திற்கு வழங்கப்படும் நற்சான்றிதழ். பிழை வித்தையில் இல்லை, கையாண்டவரிடம்தான் என்கிறது அது. அதைக் கேட்கும் அடுத்த வீட்டார் மந்திரத்தைக் கைவிடுவதில்லை. தேர்ந்த மந்திரவாதியைத் தேடிப் புறப்படுகின்றனர்.

சொற்களும் இதற்குத் துணைபோகின்றன. தெலுங்கு ஊடகங்கள் இவற்றைக் 'க்ஷுத்ர பூஜை' என்கின்றன. க்ஷுத்ரம் என்றால் இழிந்தது. ஒன்றை இழிந்தது என்பது வேறு, அது பலிக்காது என்பது வேறு. முதலாவதைச் சொல்ல எல்லோரும் முந்துகின்றனர். இரண்டாவதைச் சொல்வோர் சிலரே. தமிழ் வழக்கில் இதற்குச் சூனியம் என்று பெயர். வெறுமை என்பதே அச்சொல்லின் பொருள். ஆயினும் அச்சொல்லைக் கேட்டு நடுங்குவோர் அப்பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை.

1895இல் இதே மதனப்பள்ளியில் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. வரவிருக்கும் உலக ஆசானுக்குரியவர் என்று பிரம்மஞான சபையார் அவரை வளர்த்தனர். 1929இல் அவரே, தம்மைத் தலைவராகக் கொண்டு இயங்கிய விண்மீன் சங்கத்தைக் கலைத்தார். அதைவிடச் சிறந்த குருவை அவர் பரிந்துரைக்கவில்லை. குரு என்னும் அதிகாரத்தையே மறுத்தார். அவரைப் பெற்றெடுத்த ஊர் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

நோயே காரணமாயின் நம்பிக்கையைப் பழிப்பானேன் என்று கேட்கலாம். மனநோய் எந்த வீட்டிலும் நேரும். நோயுற்றோர் இரக்கத்திற்கும் சிகிச்சைக்கும் உரியவர். ஆனால் மனப்பிறழ்வு தனக்கான கதையைச் சுற்றியுள்ள சமூகத்திடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நோயின் பேச்சு அருள்வாக்காகக் கேட்கப்படும் இடத்தில் மருத்துவர் தாமதமாகவே அழைக்கப்படுவார். மதனப்பள்ளிப் பெற்றோரைத் திருப்பதி ரூயா மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் பரிசோதித்தது, இரு உயிர்கள் போய்க் கைதும் நடந்த பின்னரே.

மகாராட்டிரம் 2013இலும் கருநாடகம் 2017இலும் இத்தகைய கொடும்பழக்கங்களுக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றின. மகாராட்டிரத்தில் அதற்காகப் போராடிய நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அவசரச் சட்டம் பிறந்தது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அத்தகைய தனிச்சட்டம் வேண்டும். ஆனால் சட்டமும் 'ஆபத்தான வித்தை' என்ற மொழியில் பேசினால் அச்சத்தையே வளர்க்கும். தடை வேண்டியது ஏமாற்றுக்கும் வன்முறைக்கும். ஆற்றல் மிக்க இரகசிய ஞானம் ஒன்று எங்கோ பூட்டிக்கிடக்கிறது என்னும் கதையையோ, பொய் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் அதை வகுப்பறையிலேயே சொல்லத் தொடங்கட்டும்.