தண்ணீருக்கு அடியில் ஒரு கடைத்தெரு

சென்ற தவணையில் உயர்தர மாணவிகளாகிய நாங்கள் விக்டோரியா அணைக்கட்டைப் பார்க்கச் சென்றோம். 122 மீற்றர் உயரம், 520 மீற்றர் நீளம், 210 மெகாவோட் மின்சாரம். தேங்கிய மகாவலியின் பாரத்தை அந்த வளைந்த சுவர் இருபுறத்து மலைகளிலும் தாங்க வைக்கிறது என்று விளக்கினார்கள். கலைப்பிரிவில் படிக்கும் எனக்கே வியப்பாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

உம்மம்மா ஒன்றுதான் கேட்டார். "அணையப் பாத்த சரி மகள், எங்கட தெல்தெனியவப் பாத்தியா?"

அவர் தெல்தெனியவில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். இன்று பஸ் நிற்கும் அந்த நகரம்தான் என்று நினைத்திருந்தேன். பழைய தெல்தெனிய 1985இல் திறக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. மேட்டில் கட்டிய புதிய நகரத்துக்குச் சிலர் போனார்கள். வேறு சிலர் திகனைக்கும் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கும் போனார்கள். உம்மம்மாவின் வாப்பாவுடைய கபுறு மட்டும் அங்கேயே இருந்துவிட்டது. பெருநாளன்று மற்றவர்கள் மையவாடிக்குப் போகும்போது அவர் வீட்டிலிருந்தே துஆக் கேட்பதன் காரணம் எனக்குப் பதினேழு வயதில்தான் விளங்கியது.

அணையைக் கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022இல் மின்வெட்டுக்குள் படித்தவள் அப்படிச் சொல்ல முடியாது. மகாவலி நீரால் விளையும் நெல்லை நாமும்தான் சாப்பிடுகிறோம். ஆனால் எங்கள் குறிப்புப் புத்தகங்களில் வரவு மட்டும் இருந்தது. செலவு யாருடையது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. 'நட்டஈடு கொடுத்தார்கள்தானே' என்றாள் ஒரு தோழி. வீட்டுக்கும் காணிக்கும் விலை போடலாம். அடுத்த வீட்டாருக்கு என்ன விலை போடுவது?

கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய நகரத்தின் இடிபாடுகள் தெரியும். படம் பிடிக்கக் கூட்டம் போகும். ஒருமுறை மாமா கூப்பிட்டும் உம்மம்மா போகவில்லையாம்.

அடுத்த வருடம் அங்கே போகும் தங்கைகள், போவதற்கு முன் அந்த ஊரில் வாழ்ந்த ஒருவருடனாவது பேச வேண்டும். அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள்.

நான் உம்மம்மாவோடு இருந்து அந்தக் கடைத்தெருவை வரைந்து வருகிறேன். அவருடைய வாப்பாவின் கடையிலிருந்து ஆற்றுப் பக்கமாக நாலு கடைகளைச் சொல்லிவிட்டார். ஐந்தாவது யாருடையது என்று நினைவில்லையாம். வாசிக்கும் பெற்றோரில் யாருக்காவது தெரிந்தால் சொல்லியனுப்புங்கள்.