பற்றுச்சீட்டும் எங்கள் உரிமையே

கனடாவில் வாழும் எம்மவரில் கணிசமானோர் இன்று சுயதொழில் புரிகின்றனர். வாடகை வாகனம் ஓட்டுவோர், நடனமும் இசையும் கற்பிப்போர், திருமண நிகழ்வுகளைப் படம்பிடிப்போர், வீடு விற்பனை முகவர்கள், என்னைப் போன்று ஒப்பந்த அடிப்படையில் கணினித் துறையில் பணியாற்றுவோர் எனப் பட்டியல் நீளும். உழைப்பில் இவர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆயினும் வருமான வரி செலுத்தும் காலம் வரும்போது இரு தவறான போக்குகள் தலைகாட்டுகின்றன. ஒரு சாரார், "இதற்கெல்லாம் யார் கணக்கு வைப்பது?" என்று சட்டம் தரும் கழிவுகளைக் கோராது விட்டுவிடுகின்றனர். மறுசாரார் வீட்டுச் செலவுகளையும் தொழிற்செலவாகக் காட்டி, கையில் பெற்ற பணத்தை மறைத்துவிடுகின்றனர். இவ்விரண்டுமே எம் குடும்பங்களுக்கு இழப்பைத்தான் தருகின்றன.

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. தொழில் வருமானம் ஈட்டும் நோக்குடன் செய்யப்பட்ட, நியாயமான அளவிலான செலவைக் கழிக்கலாம். சொந்த வாழ்வுக்கான செலவைக் கழிக்க முடியாது. இக்கணக்கையே ரி2125 படிவத்தில் காட்டுகின்றோம். விளம்பரம், எழுதுபொருட்கள், தொழிற் காப்புறுதி, கணக்காளர் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்கலாம். தொலைபேசி, இணையம் ஆகியவற்றில் தொழிலுக்குப் பயன்பட்ட பங்கினை மட்டும் கழிக்கலாம். வாடிக்கையாளருடன் தொழில் நிமித்தம் உணவருந்திய செலவில் பொதுவாக 50 விழுக்காட்டையே கோர முடியும். கணினி போன்று பல்லாண்டு பயன்படும் பொருட்களின் விலை, பொதுவாகத் தேய்மானக் கழிவாக ஆண்டுதோறும் பிரித்துக் கோரப்படும்.

வீட்டிலிருந்து தொழில் புரிவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. வீட்டின் அப்பகுதி உங்கள் தொழிலின் முதன்மை இடமாக இருத்தல் வேண்டும். அல்லது தொழிலுக்கு மட்டுமே பயன்பட்டு, வாடிக்கையாளரை ஒழுங்காகச் சந்திக்கும் இடமாக இருத்தல் வேண்டும். 1,000 சதுர அடி வீட்டில் 100 சதுர அடி அறையைத் தொழிலுக்கென ஒதுக்கியவர், வாடகை, மின்சாரம், வெப்பமூட்டல் ஆகியவற்றில் 10 விழுக்காட்டைக் கோரலாம். மாத வாடகை 2,000 டொலர் எனின், ஆண்டுக்கு வாடகையில் மட்டும் 2,400 டொலர் கழிவாகும். சொந்த வீடாயின் அடமானக் கடனின் வட்டியில் அப்பங்கினைக் கோரலாம். முதலில் கோர முடியாது. இச்செலவைக் கொண்டு தொழிலில் நட்டம் காட்டவும் இயலாது. எஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

வாகனத்திற்கும் இதே விதிதான். ஆண்டில் ஓடிய 20,000 கிலோமீற்றரில் 12,000 தொழிலுக்கானது எனின், எரிபொருள், காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றில் 60 விழுக்காடு கழிவாகும். ஆனால் திகதி, சென்ற இடம், நோக்கம், தூரம் ஆகியவை எழுதப்பட்ட பயணக் குறிப்பேடு இல்லையெனில், உண்மையாகவே ஓடிய தூரத்தையும் நிறுவுதல் கடினம். போக்குவரத்துத் தண்டப்பணத்தையும் குடும்ப விருந்துச் செலவையும் எக்காரணம் கொண்டும் கழிக்க முடியாது. பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்ததாகக் காட்டுவதாயின், பிள்ளை உண்மையில் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளம் அவ்வேலைக்கு ஏற்றதாகவும், உண்மையில் கொடுக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

"நூறு டொலர் செலவழித்தால் நூறு டொலர் திரும்ப வரும்" என்று நம்புவோர் இன்னும் உளர். கழிவு என்பது வரிக்குரிய வருமானத்தைக் குறைப்பது மட்டுமே. 30 விழுக்காட்டு வரி செலுத்துபவருக்கு 100 டொலர் செலவினால் மீள்வது 30 டொலர்தான். மீதி 70 அவர் கையிலிருந்தே போகின்றது. ஆகவே வரிக்காகத் தேவையற்ற பொருள் வாங்குவது சிக்கனமன்று.

இனி, வருமானத்தை மறைப்போரின் வாதத்தைப் பார்ப்போம். "கட்டும் வரியெல்லாம் வீணாகத்தானே போகின்றது" என்பர். அரசின் செலவைக் கண்டிக்க வாக்குச்சீட்டு இருக்கின்றது. மறைத்த வருமானம் அரசை விட மறைத்தவரையே அதிகம் தாக்கும். கனடா ஓய்வூதியத் திட்டத்திற்கு நீங்கள் செலுத்தும் தொகை குறைந்தால் முதுமையில் கிடைக்கும் ஓய்வூதியமும் குறையும். ஆர்.ஆர்.எஸ்.பி சேமிப்பின் எல்லையும் முந்தைய ஆண்டில் உழைத்த வருமானத்தின் 18 விழுக்காட்டைக் கொண்டே, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கணிக்கப்படுகின்றது. ஆண்டுக்கு 15,000 டொலர் வருமானம் காட்டியவர் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும்போது, அவருடைய சொந்தப் படிவமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பிடிபட்டால் பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் மீளக் கணிக்கப்பட்டு, கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிச் செலுத்த நேரிடும். தெரிந்தே பொய்க்கணக்குக் காட்டியோருக்கு, குறைத்துக் காட்டிய வரியின் 50 விழுக்காடு தண்டமாக விதிக்கப்படலாம். 2024ஆம் ஆண்டு முதல், இணையத் தளங்கள் வழியே பயணச் சேவை, உணவு விநியோகம் போன்ற பணிகளைச் செய்வோரின் வருமானத்தை அத்தளங்களே வருமானத் துறைக்கு அறிவிக்கின்றன என்பதனையும் மறவாதீர்கள்.

சுயதொழில் புரிவோர் படிவம் சமர்ப்பிக்க யூன் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் வரியைச் செலுத்தவேண்டிய நாள் ஏப்ரல் 30. இவ்வேறுபாட்டை அறியாது வட்டி கட்டுவோர் உளர். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் மொத்த வருவாய் 30,000 டொலரைக் கடந்தால் எச்.எஸ்.ரி பதிவும் கட்டாயமாகும். பயணிகளை ஏற்றிச் செல்வோர் முதல் டொலரிலிருந்தே பதிவுசெய்தல் வேண்டும்.

இளையோரே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. கடைகள் தரும் பற்றுச்சீட்டின் எழுத்துக்கள் சில மாதங்களில் மங்கிவிடும். பதிவேடுகளையோ அவ்வரி ஆண்டு முடிந்து 6 ஆண்டுகள் பேணுதல் வேண்டும். வாரத்தில் அரை மணிநேரம் பெற்றோருடன் அமர்ந்து, பற்றுச்சீட்டுக்களைக் கைப்பேசியில் படம்பிடித்து, ஒரு விரிதாளில் பதிந்து கொடுங்கள். அவர்கள் குளிரிலும் இரவிலும் உழைத்த உழைப்புக்கு எழுத்தில் சான்று இருக்கட்டும். உரியதை ஒரு டொலரும் விடாது கோருவோம். உரியதல்லாததை ஒரு டொலரும் கோராதிருப்போம்.