பழவேற்காட்டுக்கு டிரைசூட் எதற்கு?

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு மலிவு விலை டிரைசூட் வாங்கித் தர வேண்டும் என்கிறார் நண்பர். அக்கறை உண்மையானது. உடை தவறானது.

டிரைசூட் உடம்பைச் சூடாக்காது. தண்ணீரை வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். சூடு தருவது உள்ளே போடும் கம்பளியும் அதில் தங்கும் காற்றும். நார்வே, ஸ்காட்லாந்து போல 10 டிகிரித் தண்ணீரில் முக்குளிப்பவர்களுக்கு அது உயிர்க்கவசம். நம் ஏரி மார்கழியிலும் அவ்வளவு குளிராது. சித்திரை வெயிலில் அதை மாட்டினால் வேர்வையிலேயே மயக்கம் வரும்.

அப்படியானால் குளிரே இல்லையா? இருக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இறால் போடும் பறியைப் பல்லில் கடித்தபடி மணிக்கணக்கில் கழுத்தளவு நீரில் நகர்பவர் நடுங்கத்தான் செய்வார். அதற்கு மெல்லிய நியோப்ரீன் (நுரை ரப்பர்) மேலுடை போதும். கிழிந்தாலும் ஓரளவு வேலை செய்யும். டிரைசூட்டில் ஒரு ஆளிச்சிப்பி கீறினால் தண்ணீர் புகுந்துவிடும். பழையதை மலிவாக வாங்கினாலோ, கழுத்து, மணிக்கட்டு ரப்பர் வெடித்திருக்கும். ஜிப்பை மாற்றவே பெரும்பணம் ஆகும்.

திருப்பாலைவனம் வழியாக ஏரிக்குப் போகிறவர் அந்தப் பெண்களின் பாதங்களை ஒருமுறை பார்க்கட்டும். சிப்பி வெட்டு, கெளுத்தி முள். கெட்டி அடிப்பாகம் கொண்ட காலணியை முதலில் கொடுங்கள். ஆனால் கைவிரல்களை மூடாதீர்கள், இறால் இருக்கும் இடத்தை அவைதான் அறியும்.